டாங்கோவா, சக்கரேராவா? அர்ஜென்டினா போகிறவர்கள் முதலில் எதைக் கற்கலாம்

என் அண்ணன் மகள் வேலை விஷயமாக மூன்று மாதம் பியூனஸ் அயர்ஸ் போகிறாள். போன வாரம் கூப்பிட்டாள். "அத்தை, நீங்க அங்க ரெண்டு வருஷம் இருந்தீங்களே, டாங்கோ கத்துக்க எந்த மாதிரி வகுப்புல சேரலாம்?"

"டாங்கோ எங்கேயும் ஓடிப் போகாது. முதல்ல சக்கரேரா கத்துக்கோ" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அது அர்ஜென்டினாவின் நாட்டுப்புற ஆட்டம் ஒன்று, அவள் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். அவளைப் போலவே ஆட்டம் எதுவும் தெரியாமல், ஜோடியும் இல்லாமல், சில வாரமோ சில மாதமோ அங்கே இருக்கப் போகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

டாங்கோவில் இருந்தே தொடங்கலாம். அந்த ஊர் என்றாலே டாங்கோதான், அந்தப் பெயர் வந்ததில் தப்பே இல்லை. லா பிளாத்தா ஆற்றின் இரு கரைகளிலும், துறைமுகத்தை ஒட்டிய ஏழைக் குடியிருப்புகளில், குடியேறி வந்தவர்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் நாட்டுப்புறத்திலிருந்து பிழைக்க வந்தவர்களும் சேர்ந்து உருவாக்கியது அது. 2009ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் அதைச் சேர்த்தபோது அர்ஜென்டினாவும் உருகுவேயும் கூட்டாகத்தான் கேட்டிருந்தன. அதன் உயிர்க் கருவியான பந்தோனியோன் என்ற துருத்தி வாத்தியம் ஜெர்மனியில் பிறந்தது. பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும். இரண்டு பக்கமும் சேர்த்து எழுபதுக்கு மேல் பொத்தான்கள் இருக்கும். அதே பொத்தானைத் துருத்தியை விரிக்கும்போது அழுத்தினால் ஒரு ஸ்வரம், மூடும்போது அழுத்தினால் பெரும்பாலும் வேறு ஸ்வரம். வாசிக்கிறவர் முழங்கால் மேல் வைத்து அதைத் திறக்கும்போது ஒரு பெருமூச்சு மாதிரி காற்றுச் சத்தம் வரும். எனக்கு அந்தச் சத்தம் போதும், பாட்டு தொடங்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஆனால் கற்றுக்கொள்வது என்று வரும்போது டாங்கோ நிறையப் பொறுமை கேட்கும். 'இந்த அடிக்குப் பிறகு இந்த அடி' என்ற வரிசை அதில் கிடையாது. மேடையில் நாம் பார்க்கிற கால் வீச்செல்லாம் ஒத்திகை பார்த்துச் செய்வது. ஊர்க்காரர்கள் கூடத்தில் ஆடுவது பெரும்பாலும் நடைதான். ஒருவர் நடத்துவார், மற்றவர் அந்தக் கணத்தில் புரிந்துகொண்டு நடப்பார். எதிரில் இருப்பவரின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதை அணைப்புக்குள் இருந்தபடியே உடம்பு தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் முதல் மாதம் முழுக்க வகுப்பில் நடக்கத்தான் சொல்லித் தருவார்கள். அதுவும் நல்ல வகுப்பாக இருந்தால்.

அப்புறம் மிலோங்கா. டாங்கோவை விட வேகமான ஓர் இசை வகைக்கும், டாங்கோ ஆடக் கூடுகிற இரவுக்கும் இதே பெயர்தான். அந்தக் கூடத்துக்கென்று எழுதாத சட்டங்கள் உண்டு. பாட்டுகள் மூன்று நான்காகக் கட்டுக்கட்டாக வரும். ஒரு கட்டுக்குத் தாந்தா என்று பெயர். இரண்டு தாந்தாக்களுக்கு நடுவில் சம்பந்தமே இல்லாத ஏதோ இசை சில நொடி ஒலிக்கும், அது கொர்த்தினா, திரைச்சீலை என்று பொருள். எல்லோரும் தளத்தைக் காலி செய்துவிட்டு இருக்கைக்குத் திரும்புவார்கள். அடுத்த தாந்தாவின் முதல் பாட்டு தொடங்கியதும் கண்கள் தேட ஆரம்பிக்கும். கூடத்தின் அந்தப் பக்கம் இருக்கிற ஒருவர் உங்களைப் பார்த்து லேசாகத் தலையசைப்பார். ஆட விருப்பம் என்றால் நீங்களும் அசைக்க வேண்டும், இல்லையென்றால் பார்வையைத் திருப்பிக்கொள்ளலாம். யாரும் வந்து கேட்பதில்லை, யாருக்கும் முகத்துக்கு நேரே மறுப்பும் இல்லை. இதற்குக் கபெசேயோ என்று பெயர். எவ்வளவு மரியாதையான ஏற்பாடு என்று பின்னாளில் புரிந்தது. ஆனால் முதல் தடவை போனபோது இரண்டரை மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். புதிதாக வந்தவளோடு ஆடிப் பார்க்க யாருக்கும் அவசரம் இல்லை. தளத்தில் ஜோடிகள் எல்லாம் நாம் கோயிலை வலம் வருவதற்கு நேர் எதிர்த் திசையில், ஒருவர் பின் ஒருவராகச் சுற்றி வந்துகொண்டே இருந்தார்கள்.

நள்ளிரவு தாண்டியிருக்கும். திடீரென்று ஒரு கிடாரும் பெரிய முரசும் ஒலித்தன. அதுவரை அணைப்பில் சுற்றியவர்கள் சட்டென்று பிரிந்து, கூடத்தின் நீளத்துக்கு எதிரெதிராக இரண்டு வரிசையாக நின்றார்கள். கை உயர்த்தி விரல் சொடுக்கினார்கள். ஆடாதவர்கள் கைதட்டினார்கள். இறுக்கமாக இருந்த முகமெல்லாம் சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பாட்டி எழுந்து, "வா" என்று என்னையும் கையசைத்துக் கூப்பிட்டார். எனக்குத் தெரியவில்லையே! உட்கார்ந்துவிட்டேன். அதுதான் சக்கரேரா. பியூனஸ் அயர்ஸின் நிறைய மிலோங்காக்களில் இரவின் நடுவே இப்படி இரண்டு மூன்று சக்கரேராக்கள் போடுவது வழக்கம் என்று அப்புறம்தான் தெரிந்தது. மறுநாளே வகுப்பு தேடினேன்.

சக்கரேரா வடக்கே சந்தியாகோ தெல் எஸ்தேரோ மாகாணத்தின் ஆட்டம். தலைநகரில் இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். வெயில் கொளுத்துகிற, வறண்ட முள்காட்டு பூமி. கிச்சுவா மொழி இன்றும் அங்கே வீடுகளில் பேசப்படுகிறது, அதில் பாடுகிற சக்கரேராக்களும் உண்டு. 1921ல் ஆந்திரேஸ் சசரேத்தா என்ற இசைக் கலைஞர் தன் ஊர் ஆட்டக்காரர்களையும் வாத்தியக்காரர்களையும் கூட்டிக்கொண்டு பியூனஸ் அயர்ஸின் பொலித்தெயாமா அரங்கில் நிகழ்ச்சி நடத்தினார். ஐரோப்பாவையே பார்த்துக்கொண்டிருந்த தலைநகரம், தன் நாட்டு உட்புறத்து ஆட்டத்தை அங்கேதான் கண் விரித்துப் பார்த்தது. 1930களிலும் 40களிலும் மாகாணங்களில் இருந்து தொழிற்சாலை வேலைக்கு மக்கள் குவிந்தபோது அந்த ஆட்டங்களும் அவர்களோடு நகரத்துக்குள் வந்தன.

முதலில் இதைக் கற்கச் சொல்வதற்குக் காரணம் எளிது. வரிசை ஒன்றுதான், அது எல்லோருக்கும் தெரியும். எதிரெதிரே நிற்பீர்கள். முகப்பு இசை முடிகிற நொடியில் யாராவது "அதென்த்ரோ!" என்று கத்துவார்கள், 'உள்ளே' என்று பொருள். முன்னே போய்ப் பின்னே வருவீர்கள். ஜோடியோடு இடம் மாறி ஒரு முழு வட்டம் சுற்றி உங்கள் இடத்துக்கே வருவீர்கள். அடுத்து ஆண் தரையைக் குதிகாலாலும் நுனிக்காலாலும் அடிப்பார், பெண் பாவாடை நுனியைப் பிடித்து வீசிக்கொண்டு முன்னும் பின்னும் வருவார். மறுபடி வட்டம், மறுபடி காலடி. கடைசியில் அரை வட்டம் வந்து, ஒரு சுழற்சியோடு நடுவில் சந்தித்து நிற்க வேண்டும். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், அதற்குள் இரண்டாம் பாதி வந்துவிடும். திரும்ப அதே வரிசை. எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒருவரை ஒருவர் தொடுவதே இல்லை. பார்வையை மட்டும் விடக்கூடாது. அந்நியர் ஒருவரை அணைத்துக்கொண்டு ஆட உடனே மனம் வராத நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒரே ஒரு கண்ணி இருக்கிறது. வட்டம் சுற்றுகிற இடம் சில பாட்டுகளில் ஆறு தாளச் சுற்று, சிலவற்றில் எட்டு. முகப்பு இசையை எண்ணிப் பார்த்தால் எந்த வகை என்று அப்போதே தெரிந்துவிடும். நான் முதல் வாரம் எண்ணாமல் ஆடி, எல்லோரும் காலடிக்குப் போன பிறகும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

தாளத்திலும் நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. வாயால் 'தகிட தகிட' என்று விடாமல் சொல்லிக்கொண்டே, அதே வேகத்தில் கையால் 'தக தக தக' என்பதன் ஒவ்வொரு தகரத்துக்கும் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். ஆறு மாத்திரைதான். வாய் அதை மூன்று மூன்றாகப் பிரிக்கிறது, கை இரண்டு இரண்டாகப் பிரிக்கிறது. இந்த இழுபறிதான் சக்கரேரா, சம்பா, சமாமே, மலாம்போ என்ற அந்த நாட்டு ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடிநாதம். வகுப்பில் என்னோடு சேர்ந்த ஐரோப்பியர்கள் வாரக்கணக்கில் தடுமாறினார்கள். சின்ன வயதில் வீட்டில் மிருதங்கச் சொற்கட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு நாள் போதும்.

அந்த முரசைப் பற்றியும் சொல்ல வேண்டும். போம்போ லெகுவேரோ என்று பெயர். ஒரு லெகுவா தூரம், அதாவது சில கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும் என்பதால் வந்த பெயர் என்பார்கள். சேய்போ மரத்தின் அடிப்பாகத்தைக் குடைந்து, ஆட்டுத் தோலை முடியோடு போர்த்தி, கயிறு இழுத்துக் கட்டுவார்கள். சேய்போ நம் ஊர்க் கல்யாண முருங்கையின் சொந்தக்கார மரம், அதே மாதிரி சிவந்த பூ, அதே மாதிரி எடையில்லாத கட்டை. ஒரு குச்சி தோலின் நடுவில் விழுந்தால் வயிற்றுக்குள் கேட்கிற மாதிரி ஆழமான ஒலி, இன்னொன்று விளிம்பு மரத்தில் விழுந்தால் காய்ந்த 'டக்'. சந்தியாகோ நகரில் ஒவ்வொரு ஜூலையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் இந்த முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். ஜூலையில் அங்கே இருக்க வாய்த்தால் எப்பாடு பட்டாவது போய்விட வேண்டும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குப் பியூனஸ் அயர்ஸின் மேற்கு ஓரத்தில் மத்தாதேரோஸ் சந்தை இருக்கிறது. பழைய மாட்டுச் சந்தைக் கட்டடத்துக்கு எதிரே 1986ல் இருந்து நடக்கிறது, வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில். கோடைக்காலத்தில் நாளும் நேரமும் மாறும், கேட்டுவிட்டுப் போவது நல்லது. தெருவிலேயே மேடை, அதன் முன்னால் தெருவிலேயே ஆட்டம். காசு கிடையாது, உடை கட்டுப்பாடு கிடையாது. இடுப்பில் அகலப் பட்டை கட்டிய பெரியவரும் காலணி கழன்ற சிறுமியும் ஒரே வரிசையில் நிற்பார்கள். நடுவில் தப்பு செய்தால் எதிரில் இருப்பவர் கண்ணாலேயே வழி காட்டுவார். வாரம் ஒரு வகுப்பு, ஞாயிறு ஒரு தெரு. மூன்றாவது வாரம் நான் யாருடைய காலையும் பார்க்காமல் ஆடினேன்.

சம்பாவையும் கூடவே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பிரேசிலின் சாம்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெருவின் ஒரு பழைய கைக்குட்டை ஆட்டத்தில் இருந்து இறங்கி வந்து, வடமேற்கு மாகாணங்களான சால்தாவிலும் துக்குமானிலும் வேரூன்றியது. அர்ஜென்டினாவின் நாட்டார் இசையில் எனக்கு உயிரே இதுதான், அதனால்தான் முதலில் கற்க வேண்டாம் என்கிறேன். இதற்கும் சக்கரேரா மாதிரி நிலையான வரிசை உண்டு, ஆனால் வேகம் பாதி. சக்கரேராவில் தடுமாறினால் அடுத்த அடி வந்து மூடிவிடும். சம்பாவில் ஒளிய இடமில்லை. இருவர் கையிலும் ஒரு கைக்குட்டை. அவர் நெருங்குவார், நீங்கள் விலகுவீர்கள். கைக்குட்டை முகத்தை மறைக்கும், தோளுக்கு மேல் ஒரு சுற்று சுற்றும், அவருடைய கைக்குட்டைக்குப் பக்கத்தில் வந்து தொடாமல் திரும்பும். கேள்வியும் பதிலும் அந்தத் துணி வழியாகத்தான் நடக்கும். கடைசியில்தான் இருவரும் நெருங்கி நிற்பார்கள். பெரும்பாலும் ஆண் தன் கைக்குட்டையின் இரு முனையையும் பிடித்து அந்தப் பெண்ணின் தோளைச் சுற்றிப் போடுவார். முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த ஒரு கணவன் மனைவி சால்தாவில் ஒரு பேனியாவில் இதை ஆடிப் பார்த்தேன். பேனியா என்றால் சாப்பாடும் கிடாரும் ஆட்டமுமாக விடிய விடிய நடக்கிற கூடுகை. அந்த அம்மா கைக்குட்டையை இறக்கின விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே சம்பாவை முதலில் காதால் கற்கலாம். இசையமைப்பாளர்கள் அதவால்பா யுபாங்கி, கூச்சி லெகிசமோன் இருவரின் சம்பாக்களையும் பாடகி மெர்சிடிஸ் சோசாவின் குரலையும் கேட்டால் போதும். துக்குமானின் ஏழைக் குடும்பத்தில் பிறந்த சோசா, 1965ல் கோஸ்கீன் நாட்டார் இசை விழாவில் நிகழ்ச்சி நிரலில் இடம் இல்லாமலே, பாடகர் ஹோர்ஹே கஃப்ரூனே மேடைக்கு அழைத்ததால் ஏறிப் பாடினார். முரசு ஒன்றைத் தவிர கையில் எதுவும் இல்லை. நாட்டின் குரலாக அவர் ஆனது அந்த இரவில்தான். 1961ல் தொடங்கிய அந்த விழா இன்றும் ஜனவரியில் கோர்தொபா மாகாணத்தின் மலையடிவாரத்தில் ஒன்பது இரவு நடக்கிறது. பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் இந்த விழாவை வைத்து முடிவு செய்யலாம்.

ஜனவரியில் இன்னொரு பக்கமும் இழுக்கும். வடகிழக்கே கொரியென்தெஸில் சமாமே விழா அதே மாதம்தான். சமாமேயை யுனெஸ்கோ 2020ல் பட்டியலில் சேர்த்தது. குவாரனி மக்களின் மண்ணில் ஐரோப்பியக் குடியேறிகளின் அக்கார்டியன் வந்து சேர்ந்து பிறந்த இசை. இதுவும் அணைத்து ஆடுவதுதான், ஆனால் டாங்கோவின் நுணுக்கம் கிடையாது. கால்கள் சின்னச் சின்னதாக வழுக்கிக்கொண்டு போகும். பாட்டின் உச்சத்தில் யாரோ ஒருவர் அடிவயிற்றில் இருந்து நீளமாக ஒரு கூவல் விடுவார், சபுக்காய் என்று பெயர். மகிழ்ச்சியா துக்கமா என்று பிரிக்க முடியாது, உடம்பு சிலிர்க்கும். கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு, குறிப்பாக ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, நான் சக்கரேராவைக்கூட விட்டுவிட்டுச் சமாமேயைத்தான் சொல்வேன். ஒரு மாலையில் ஆடத் தொடங்கிவிடலாம், முழங்காலுக்கும் கெடுதி இல்லை.

முழங்கால் என்றதும் மலாம்போ நினைவுக்கு வருகிறது. தனியாள் ஆட்டம், காலடி மட்டும்தான். கோர்தொபா மாகாணத்தில் லபோர்தே என்ற சின்ன ஊரில் 1966 முதல் அதற்கென்றே தேசியப் போட்டி நடக்கிறது. வருடம் முழுக்க ஓட்டப்பந்தய வீரரைப் போலப் பயிற்சி எடுத்து, மேடையில் ஐந்து நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். வென்றவர் அதன் பிறகு வேறு எந்தப் போட்டியிலும் தனியாக ஆடுவதில்லை என்பது அவர்களுக்குள் உள்ள ஒப்பந்தம். தென்பகுதிப் பாணியில் கால் விரல்கள் வெளியே தெரிகிற மெல்லிய குதிரைத்தோல் உறையைப் போட்டுக்கொண்டு அந்த அடி அடிப்பார்கள். பார்க்க வேண்டும், கற்க ஆசைப்படக் கூடாது.

வடக்குக் கோடி ஹுஹுய் மாகாணத்துக் கர்னவாலிட்டோ என்ற கூட்டு ஆட்டத்துக்குக் கற்பது என்ற பேச்சே இல்லை. பிப்ரவரித் திருவிழாவில் கை கோர்த்து வரிசையில் சேர்ந்தால் அதுவே இழுத்துக்கொண்டு போகும்.

குவார்த்தேத்தோவை இந்த வரிசையில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள், தாராளமாகச் சேர்க்கலாம். கோர்தொபா நகரின் உழைக்கும் மக்களின் இசை அது. 1943ல் ஒரு வானொலி நிலையத்தில் குவார்த்தேத்தோ லியோ என்ற நால்வர் குழு முதல்முறை வாசித்தது. பியானோவில் லியோனோர் மர்சானோ என்ற இளம்பெண். அவர் இடது கையும் வலது கையும் மாறி மாறி விழுந்த அந்தத் துள்ளலுக்கு ஊரார் வைத்த பெயர் 'துங்க துங்க'. சொல்லிப் பார்த்தாலே தாளம் வந்துவிடும். மேல்தட்டினர் நெடுங்காலம் அதை மட்டமாகப் பார்த்தார்கள். ரொத்ரிகோ என்ற பாடகர் 2000ல் இருபத்தேழு வயதில் சாலை விபத்தில் இறந்தபோது நாடே அழுதது. கோர்தொபாவில் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் வகுப்பைத் தேட வேண்டாம், சனிக்கிழமை இரவு உள்ளூர் நண்பர்களோடு நடனக் கூடத்துக்குப் போனால் போதும். தனியாகப் போவது சரியாக வராது.

டாங்கோவின் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு என்ன செய்வது? சக்கரேரா ஆட நான்கு பேரைச் சேர்ப்பது இங்கே கஷ்டம். டாங்கோ ஆடுகிறவர்கள் உலகத்தின் எந்தப் பெருநகரத்திலும் இருக்கிறார்கள், பெங்களூரிலும் ஆரோவில்லிலும்கூட. வருடக்கணக்கில் கூட வரப்போகிற ஆட்டம் வேண்டும் என்றால் டாங்கோதான். ஒரு வருடத்துக்கு மேல் அங்கே தங்கப் போகிறவர்கள் முதல் நாளே அதில் சேரலாம், நான் தடுக்க மாட்டேன். ஒரு வாரம் மட்டும் இருப்பவர்களோ இரண்டு டாங்கோ வகுப்பில் பணத்தைப் போடுவதை விட, ஒரு மிலோங்காவில் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, மத்தாதேரோஸ் தெருவில் இறங்கி ஆடிவிட்டு வரலாம்.

என் மருமகளுக்கு மூன்று மாதம். முதல் மாதம் சக்கரேரா மட்டும். இரண்டாவது மாதத்தில் டாங்கோ வகுப்பு, கூடவே மிலோங்காவுக்குப் போய் உட்கார்ந்திருப்பது. நள்ளிரவில் அந்த முரசு ஒலிக்கும்போது எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். அந்த மூன்று நிமிடத்தில் கூடமே அவளைப் பார்த்துவிடும், அதன் பிறகு தலையசைப்புகள் தானாக வரும். எனக்கு அப்படித்தான் வந்தன. மூன்றாவது மாதம் நேரம் இருந்தால் சம்பா.

பெட்டியில் என்ன வைக்கட்டும் என்று கேட்டாள். அடிப்பாகம் தோலால் ஆன, குதிகால் தாழ்ந்த செருப்பு ஒன்று, பின்பட்டை இருக்க வேண்டும். சுழன்றால் விரிகிற முழுப்பாவாடை ஒன்று. வெள்ளைக் கைக்குட்டை மட்டும் இங்கிருந்தே எடுத்துப் போகச் சொன்னேன், மெல்லிய பருத்தியில், கொஞ்சம் பெரியதாக. நைலான் வேண்டாம், அது காற்றில் திரும்பாமல் கையிலேயே ஒட்டிக்கொள்ளும்.